சங்குச் சதைக்கு ஹெவி மெட்டல் டெஸ்ட் குடுக்கப் போறீங்களா? சென்னை லேப் ஒண்ணு பத்தின என் ரிவ்யூ

முதல்லயே ரேட்டிங் சொல்லிடுறேன், அஞ்சுக்கு நாலு. ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னு கீழ எழுதியிருக்கேன். கடல் சங்கு, முள்ளிச்சங்கு, புறாமுட்டை மாதிரி சதை வியாபாரம் பண்றவங்க, இல்ல அத வாங்கி சாப்பிடுறவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க, ஏன்னா இந்த விஷயத்துல தமிழ்ல தேடினா ஒண்ணும் கிடைக்கல, எனக்கும் இந்த லேப்ல உக்காந்து கேட்டுதான் பாதி புரிஞ்சுது.

நாங்க கீழக்கரை பக்கம். எங்க அண்ணியும் அவங்க சுய உதவிக் குழுவும் சேர்ந்து சங்குச் சதைய அவிச்சு சீவி காயவச்சு பாக்கெட் போடுறாங்க. சங்கு ஓடு எல்லாம் மேற்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போயிடும், அதுலதான் பெரிய காசு, சதைங்கிறது சங்கு குளிக்க (கடல்ல முங்கி சங்கு எடுக்க) போறவங்க வீட்லயும் ஊர்லயும் சாப்பிடுற பொருளாவே ரொம்ப காலம் இருந்துச்சு. இப்போ ஆன்லைன்ல கருவாடு விக்கிற ஒருத்தர் மொத்தமா எடுக்கிறேன்னு வந்தாரு, ஆனா ஹெவி மெட்டல் (காட்மியம், ஈயம், பாதரசம் மாதிரி நஞ்சு உலோகம்) ரிப்போர்ட் இல்லாம எடுக்க மாட்டேன்னு கண்டிசனா சொல்லிட்டாரு. குழுவுல சிலருக்கு கோவம், காலங்காலமா சாப்பிடுறோம் எங்களுக்கு என்ன ஆச்சுன்னு. என்னைக் கேட்டா அவர் கேட்டது ரொம்ப சரி, வாங்குறவர் இப்படி கேக்கிறதே நல்ல விஷயம்.

ஏன்னா சங்கு நத்தை இனம், மீன் மாதிரி கிடையாது. மீன் இன்னைக்கு இங்க இருக்கும் நாளைக்கு வேற எங்கயோ போயிடும். சங்கு அதே மணல்ல, அதே அடித்தரையில ஊர்ந்துகிட்டு கெடக்கும், வருசக் கணக்கா வாழும், அந்த மண்ணுல என்ன படியுதோ அது இரை வழியா, தண்ணி வழியா அது உடம்புக்குள்ள போயிட்டே இருக்கும். காட்மியம் மாதிரி உலோகம் உள்ள போச்சுன்னா லேசுல வெளிய வராது, அதான் மெயின் பிரச்சனை. இதனாலதான் உலகம் முழுக்க கடல் எவ்ளோ கெட்டிருக்குன்னு பாக்கறதுக்கு விஞ்ஞானிங்க நத்தையையும் மட்டியையும் எடுத்து டெஸ்ட் பண்றாங்க. இங்கிலாந்துல பிரிஸ்டல் கால்வாய் பக்கம் 1970கள்ல பாறையில ஒட்டியிருக்கிற லிம்பெட், டாக் வெல்க் நத்தைங்கள்ல காட்மியம் எக்கச்சக்கமா இருந்தது தெரியவந்துச்சு, அந்தக் கரையில அவோன்மவுத்னு ஒரு ஊர்ல துத்தநாகம் உருக்குற ஆலை இருந்துச்சு. லிம்பெட் பாசிய மேயுற நத்தை, டாக் வெல்க் மத்த உயிரத் தின்ற நத்தை, ரெண்டு வகையிலயும் ஏறியிருந்துச்சு.

சரி லேப் கதைக்கு வரேன். இதுக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல (பேர் வேணாம்) சாம்பிள் குடுத்திருந்தோம். கவுண்டர்ல வாங்கி வச்சாங்க, ரசீது போட்டாங்க, கொஞ்ச நாள்ல ஒரு பக்க ரிப்போர்ட் மெயில்ல வந்துச்சு. முழுச் சதையையும் குடலோட சேர்த்து ஒண்ணா அரைச்சு ஒரே நம்பர். அது பச்சை எடைக்கா காஞ்ச எடைக்கா எதுவும் போடல, போன் பண்ணிக் கேட்டா பதில் சொல்ல ஆள் இல்ல. அந்தப் பேப்பர வச்சு எங்களால ஒரு முடிவும் எடுக்க முடியல, வாங்குறவரும் ஏத்துக்கல.

இந்த லேப்ல போன உடனே அங்க இருந்த மேடம் கேட்ட முதல் கேள்வியே "சார், இதுல எந்த பார்ட்ட டெஸ்ட் பண்ணணும்? நீங்க விக்கிறது கால் சதை மட்டுமா, சுருளோட சேர்த்தா?"ன்னு. எனக்கு அங்கயே நம்பிக்கை வந்துடுச்சு. சங்க அவிச்சு கம்பிய விட்டு இழுத்தீங்கன்னா முன்னாடி கெட்டியா ஒரு சதை வரும், அதோட ஒட்டி நகம் மாதிரி மூடி இருக்கும், அதுதான் கால், அதுலதான் சங்கு ஊர்ந்து போகும். பின்னாடி வால் மாதிரி சுருண்டுகிட்டு பச்சையும் பழுப்பும் கலந்து மெத்துன்னு ஒண்ணு வரும் பாருங்க, அங்கதான் செரிமானச் சுரப்பி இருக்கு, நம்ம ஈரல் செய்யற வேலையில பாதிய நத்தைக்கு அதுதான் செய்யுது. உள்ள போற காட்மியத்துல பெரும்பகுதி அங்கதான் போய் உக்காரும். மெட்டலோதயோனின்னு ஒரு புரோட்டீன் இருக்காம், அது காட்மியத்தையும் தாமிரத்தையும் துத்தநாகத்தையும் இறுக்கிப் புடிச்சு வச்சுக்கும், அப்போ நத்தைக்கு நஞ்சு ஏறாது, அது பாட்டுக்கு நல்லா வாழும், ஆனா அத சாப்பிடுறவங்க வயித்துக்குள்ள அது போயிடும். சங்கு பாக்க ஆரோக்கியமா இருக்கு, துடிப்பா இருக்கு, அதனால சுத்தமான சங்குன்னு நினைக்கவே கூடாது.

அதனால மேடம் சொன்னது கால் தனி, சுருள் தனின்னு ரெண்டு சாம்பிளா போடுங்க, செலவு கூடும் ஆனா உங்களுக்கு உபயோகமான பதில் கிடைக்கும்னு. கூடவே இன்னொண்ணு சொன்னாங்க, ஒரே ஒரு சங்க கொண்டு வந்தா பிரயோஜனம் இல்ல, பெருசு சின்னது கலந்து பல சங்கோட சதைய சேர்த்து அரைச்சாதான் அந்த இடத்தோட சராசரி தெரியும், வயசான சங்குல கூடவும் இளசுல கம்மியாவும் இருக்கலாம்னு. உயிரோட கொண்டு வர முடிஞ்சா ஒரு நாள் சுத்தமான கடல்தண்ணியில போட்டு வச்சு குடல்ல இருக்கிற மணல், சேறு எல்லாம் கழிய விட்டுக் குடுங்கன்னாங்க, ஏன்னா வயித்துல இருக்கிற மண்ணுலயே இரும்பும் ஈயமும் இருக்கும், அது சதையில ஏறுன கணக்குல சேர்ந்துடும்.

உள்ள கொஞ்சம் பாக்க விட்டாங்க, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னுதான். ஐஸ் மேல தட்டு வச்சு அதுல சதையப் பிரிக்கிறாங்க, இரும்புக் கத்தி இல்ல, வெள்ளைக் கலர் செராமிக் கத்தி. ஸ்டீல் கத்தி பட்டா குரோமியமும் நிக்கலும் சாம்பிள்ல ஒட்டிக்கும்னு அங்க வேலை பாக்குற பையன் சொன்னான். சுருள வெட்டும்போது அந்தப் பச்சைச் சாறு கால் சதையில படாம ஓரமா சாய்ச்சுப் பிடிச்சு, தட்ட மாத்தி, கையுறைய மாத்தி அடுத்தத எடுக்கிறான். எங்க ஊர்ல அரிவாள்மனையில வச்சு சர்ருன்னு சீவிட்டுப் போற வேலைய இவ்ளோ நிதானமா செஞ்சத பாத்தப்போ எனக்கு மரியாதையே வந்துடுச்சு. அப்புறம் சதைய அரைச்சு, நைட்ரிக் ஆசிட் ஊத்தி, மூடின குழாய்ல மைக்ரோவேவ்ல வச்சு முழுசா கரைச்சிடுவாங்க, தெளிஞ்ச தண்ணி மாதிரி ஆயிடும், அத ஐசிபி-எம்எஸ்னு எந்த உலோகம் எவ்ளோ இருக்குன்னு அளக்குற மெஷின்ல விடுவாங்க. மூடின குழாய் எதுக்குன்னா பாதரசம் சூட்டுல ஆவியாப் போயிடும், திறந்து வச்சு காய்ச்சுனா ரிப்போர்ட்ல பாதரசம் கம்மியா காட்டும். ஒவ்வொரு தடவையும் கூடவே ஒரு ரெஃபரன்ஸ் பொடியும் ஓட்டுறாங்க, சிங்கிறால் செரிமானச் சுரப்பிய பொடியாக்கி கனடாவுல சர்டிஃபை பண்ணி விக்கிறாங்களாம், அதுல எவ்ளோ உலோகம் இருக்குன்னு ஏற்கனவே தெரியும், மெஷின் அந்த நம்பர சரியா சொன்னாதான் நம்ம சாம்பிள் நம்பர நம்பலாம். நீங்க எந்த லேப்புக்கு போனாலும் என்ஏபிஎல் (லேப்புக்கு தரச் சான்று குடுக்கிற அமைப்பு) சர்டிஃபிகேட் மாட்டியிருக்கான்னு மட்டும் பாக்காதீங்க, அது எந்தெந்த டெஸ்டுக்கு செல்லும்னு போட்டிருக்கிற ஸ்கோப்ல மீன், சிப்பி நத்தை வகையும் நீங்க கேக்கிற உலோகமும் இருக்கான்னு பாருங்க, ரெஃபரன்ஸ் என்ன வச்சு ஓட்டுறீங்கன்னும் கேளுங்க.

ரிப்போர்ட் வந்தப்போ அண்ணிக்கு முதல்ல பகீர்னு ஆயிடுச்சு. காரணம், காஞ்ச எடை நம்பர் முதல்ல இருந்துச்சு. இது எங்க மாதிரி உலர்த்தி விக்கிறவங்களுக்கு ரொம்ப முக்கியம், நல்லா கேளுங்க. பச்சைச் சதையில முக்கால் பாகத்துக்கு மேல தண்ணி. நாலு கிலோ பச்சைச் சதைய காயவச்சா சுமாரா ஒரு கிலோதான் நிக்கும். தண்ணிதான் போச்சு, உலோகம் எங்கயும் போகல, அப்படியே அந்த ஒரு கிலோக்குள்ள நெருங்கி நிக்கும். அதனால காஞ்ச எடையில கிலோவுக்கு 2 மில்லிகிராம்னு வந்தா பச்சை எடைக்கு அது சுமார் அரை மில்லிகிராம்தான். உலகத்துல பெரும்பாலான வரம்பு எல்லாம் பச்சை எடைக்குத்தான் போட்டிருக்கு, ஆராய்ச்சிக் கட்டுரைங்கள்ல நிறைய பேர் காஞ்ச எடையில எழுதுறாங்க, இத ரெண்டையும் கலந்து வச்சு பேப்பர்ல பயமுறுத்துறதும் நடக்குது, ஒண்ணும் இல்லன்னு மூடி மறைக்கிறதும் நடக்குது. இந்த லேப் ரெண்டு நம்பரும் பக்கத்துல பக்கத்துல போட்டு ஈரப்பதம் எத்தனை சதவீதம்னும் தனியா போட்டிருந்தாங்க. நாலு ஸ்டார்ல ரெண்டு ஸ்டார் இதுக்கே குடுக்கலாம்.

முடிவு என்னன்னா கால் சதையில காட்மியம், ஈயம், பாதரசம் மூணும் கவலைப்படுற அளவுல இல்ல. சுருள்ல காட்மியம் அதவிட பல மடங்கு. அதாவது மொத்தமா அரைச்சு டெஸ்ட் பண்ணியிருந்தா நல்ல சதையும் கெட்ட பேரு வாங்கியிருக்கும், சுருளோட நிலைமையும் வெளிய தெரிஞ்சிருக்காது.

தாமிரம் நம்பர் மட்டும் கால்லயே கொஞ்சம் கூட இருந்துச்சு, வாங்குறவர் அத வட்டம் போட்டு அனுப்பிட்டாரு. அதுக்கு லேப் சார் போன்லயே விளக்கம் குடுத்தாரு. நத்தை ரத்தத்துல நம்மள மாதிரி இரும்பு வச்ச ஹீமோகுளோபின் கிடையாது, தாமிரம் வச்ச ஹீமோசயனின், அதனாலதான் காத்து பட்டா ரத்தம் நீலமா மாறும். தாமிரம் இல்லாம சங்கு மூச்சு விடாது. அதனால தாமிரமும் துத்தநாகமும் ஓரளவு இருக்கிறது இயல்பு, அத மட்டும் வச்சு மாசுன்னு சொல்ல முடியாது. காட்மியம், ஈயம், பாதரசம் இந்த மூணுக்கும் நத்தை உடம்புல ஒரு வேலையும் கிடையாது, இருந்தா வெளியில இருந்து வந்ததுதான்.

ஆர்செனிக் கதை வேற. மொத்த ஆர்செனிக் நம்பர பாத்தா யாருக்கும் கை நடுங்கும். ஆனா கடல் உயிருங்கள்ல இருக்கிற ஆர்செனிக்ல பெரும்பகுதி ஆர்செனோபீட்டைன்னு ஒரு வடிவத்துல இருக்கும், அது உடம்புல தங்காம சிறுநீர்ல போயிடும், பெருசா கெடுதல் இல்ல. கெடுதல் பண்றது கனிம ஆர்செனிக். அத தனியா பிரிச்சுப் பாக்க இன்னொரு டெஸ்ட் வேணும், அந்த வசதி இந்த லேப்ல இல்ல, வெளிய அனுப்புவாங்களாம், தனிக் காசு. இத ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாம், ரிப்போர்ட் குடுக்கும்போதுதான் சொன்னாங்க.

இப்போ வரம்பு பத்தி. இங்கதான் எனக்கு உண்மையிலயே ஆதங்கம். உலக உணவுத் தரம் வகுக்கிற கோடெக்ஸ் அமைப்பு காட்மியத்துக்கு மட்டி மாதிரி ரெண்டு ஓடு இருக்கிறதுக்கும் (ஆய்ஸ்டர், ஸ்காலப் தவிர), கணவாய் வகைக்கும் (அதுவும் குடல் நீக்கினதுக்கு) கிலோவுக்கு 2 மில்லிகிராம்னு போட்டிருக்கு, ஆனா அந்தப் பட்டியல்ல கடல் நத்தைக்குன்னு தனி வரி இல்ல. ஐரோப்பிய யூனியன் 2022ல பாதரச வரம்ப மாத்தும்போது கடல் நத்தைய பேர் சொல்லி சேர்த்து கிலோவுக்கு 0.30 மில்லிகிராம்னு வச்சாங்க, அது நல்ல வேலை. நத்தைக்குன்னு காட்மியம் வரி இல்லாததால லேப் காரங்களும் மட்டி வரம்ப பக்கத்துல வச்சுதான் ஒப்பிடுறாங்க. கணவாய்க்கு குடல் நீக்கித்தான் பாக்கணும்னு எழுதத் தெரிஞ்சவங்களுக்கு சங்குக்கும் அப்படி ஒரு வரி எழுத என்ன தடைன்னு எனக்குப் புரியல.

எவ்ளோ சாப்பிடலாம்னு அண்ணி கேட்டதுக்கு அந்த மேடம் ஒரு பேப்பர்ல போட்டுக் காட்டின கணக்க அப்படியே தரேன். உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் (எஃப்ஏஓ) சேர்ந்து அமைச்ச நிபுணர் குழு 2010ல சொன்னது, மாசத்துக்கு உடம்பு எடையில கிலோவுக்கு 25 மைக்ரோகிராம் காட்மியம் வரைக்கும் தாங்கலாம்னு. 60 கிலோ ஆளுக்கு மாசம் 1500 மைக்ரோகிராம், அதாவது ஒன்றரை மில்லிகிராம். சதையில கிலோவுக்கு 2 மில்லிகிராம் இருந்தா மாசத்துல முக்கால் கிலோ பச்சைச் சதையிலயே அந்த மொத்த ஒதுக்கீடும் தீர்ந்துடும். அரிசி, கீரை, மத்த சாப்பாட்டுல வர்றது வேற இருக்கு, பீடி சிகரெட் குடிக்கிறவங்களுக்கு அதுல வர்றது அதுக்கும் மேல. சின்னப் புள்ளைங்களுக்கு எடை கம்மிங்கிறதால அளவு இன்னும் சுருங்கிடும். காட்மியம் கிட்னியில போய் தங்கும், பாதியா குறையவே 10 வருசத்துல இருந்து 30 வருசம் வரைக்கும் ஆகும்னு சொல்றாங்க. ஜப்பான்ல ஜின்ஸு ஆத்துப் பக்கம் சுரங்கக் கழிவு கலந்த தண்ணியில விளைஞ்ச அரிசிய சாப்பிட்டு எலும்பு ஒடிஞ்சு துடிச்சாங்களே, இத்தாய் இத்தாய் நோய்னு, அது காட்மியம்தான், 1968ல அரசாங்கமே ஒத்துக்கிச்சு. அங்க ஆன மாதிரி நம்ம கடல்ல ஆயிடுச்சுன்னு நான் சொல்ல வரல. இன்னைக்கு சாப்பிட்டா நாளைக்கு வயித்துவலி வந்து காட்டிக் குடுக்கிற நஞ்சு இது இல்ல, அதனால "காலங்காலமா சாப்பிடுறோமே"ங்கிற வாதம் இங்க எடுபடாது, டெஸ்ட் மட்டும்தான் வழி.

அவிச்சா போயிடும், பொரிச்சா போயிடும்னு சொல்றவங்களுக்கு: போகாது. கிருமி சாகும், உலோகம் சாகாது. கொஞ்சம் அவிச்ச தண்ணியில இறங்கும், அவ்ளோதான், அந்தத் தண்ணிய ரசமா வச்சுக் குடிச்சா அதுவும் உள்ளதான் போகுது.

எங்க குழு இப்போ சுருள மொத்தமா வெட்டிப் போட்டுட்டுத்தான் காயவைக்கிறாங்க, அவிச்ச தண்ணியையும் கொட்டிடுறாங்க. எடை குறையுது, நஷ்டம்தான், அந்தச் சுருள்லதான் ருசின்னு கேட்டு வாங்குறவங்க ஊர்ல இருக்காங்க, மூலத்துக்கு நல்லதுன்னு வாங்குறவங்களும் இருக்காங்க. ஆனா ரிப்போர்ட்ட தமிழ்ல எழுதி பாக்கெட் போடுற ஷெட்டுல அண்ணி ஒட்டி வச்சிருக்காங்க, படிச்சுட்டு யாரும் மறுத்துப் பேசல. குளிக்கப் போற எங்க மச்சான் கிட்டயும் எந்தப் பக்கம் எடுத்த சங்குன்னு சாக்குல எழுதிக் குடுங்கன்னு சொல்லியாச்சு. அவருக்கு ஆரம்பத்துல எரிச்சல்தான், கடல்ல போய் பேனா பேப்பரோட உக்காரவா மாப்ளன்னு கேட்டாரு, இப்போ சாக்குக்கு கலர் கயிறு கட்டிக் குடுத்துடுறாரு. மன்னார் வளைகுடாவுல தீவு, பவளப்பாறை, கடல்புல்லுன்னு சுத்தமான தரையும் இருக்கு, அதே வளைகுடாவுல தூத்துக்குடி துறைமுகமும் நிலக்கரி எரிக்கிற அனல்மின் நிலையமும் இருக்கு, சாம்பல்லயும் கொஞ்சம் கொஞ்சம் இந்த உலோகம் எல்லாமே உண்டு. எல்லா இடத்துச் சங்கையும் ஒரே சாக்குல கொட்டிட்டு ஒரு ரிப்போர்ட்ட வச்சு எல்லாத்துக்கும் கையெழுத்து வாங்குறது சரியில்ல.

முள்ளிச்சங்கு விக்கிறவங்க இன்னும் கவனமா இருங்க. சங்கு மணலுக்குள்ள இருக்கிற புழுவத் திங்கும், முள்ளிச்சங்கு சிப்பியையும் மட்டியையும் திங்கும். சிப்பிங்க தண்ணிய வடிகட்டி வடிகட்டி சாப்பிடுறதால துத்தநாகம், தாமிரம், காட்மியம் எல்லாம் அதுகளே நல்லா சேர்த்து வச்சிருக்கும், அத முழுசா தின்ற நத்தைக்கு அது கைமாறுது. எங்க சங்கு ரிப்போர்ட்ட பாத்துட்டு முள்ளிக்கும் இதே அளவுதான்னு நினைச்சுடாதீங்க, தனியா குடுத்துப் பாருங்க.

ஒரு ஸ்டார் குறைச்சதுக்கு காரணம்: சொன்ன தேதிக்கு ரிப்போர்ட் வரல, மெஷின் சர்வீஸ்னு இழுத்தாங்க, நாங்களா போன் போட்டுக் கேட்டாதான் பதில். ரிப்போர்ட் முழுக்க இங்கிலீஷ், எங்க குழு அக்காங்க மாதிரி ஆளுங்களுக்கு ஒரு பக்கம் தமிழ்ல சுருக்கமா குடுத்தா எவ்ளோ உதவியா இருக்கும். ரேட்டும் உலோகம் உலோகமா தனித்தனியா போடுறாங்க, நீங்க முன்னாடியே காட்மியம், ஈயம், பாதரசம், ஆர்செனிக் நாலும் சேர்த்து பேக்கேஜா குடுங்கன்னு கேட்டா குறைச்சுப் போடுவாங்க, கேக்காம அவங்களா சொல்ல மாட்டாங்க.

துறைமுகப் பக்கம் எடுக்கிற நத்தைன்னா இன்னொரு விஷயமும் இருக்கு. கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட்ல முன்னாடி டிபிடின்னு ஒரு வெள்ளீயம் (டின்) கலந்த வேதிப்பொருள் போட்டாங்க, அது பட்டு பெண் நத்தைக்கு ஆண் உறுப்பு முளைச்சு முட்டை போட முடியாம இனமே குறைஞ்சது பல நாட்டுல நடந்துச்சு, 2008ல இருந்து உலக அளவுல தடை. ஆனா அடிச்சேத்துல அது சீக்கிரம் அழியாது. இந்தச் சாதாரண மெட்டல் டெஸ்ட்ல அது தெரியாது, தனியா கேக்கணும்.

சாம்பிள் குடுக்கப் போறவங்களுக்கு: ஊர்ல இருந்தே சதைய வெட்டிக் கொண்டு போகாதீங்க, ஓட்டோட அப்படியே கழுவி, சுத்தமான பிளாஸ்டிக் பையில போட்டு, ஐஸ் பெட்டியில அடுக்கி நைட் பஸ்ல ஏறுங்க. பை மேல எந்த இடம், எந்த தேதின்னு தண்ணியில அழியாத பேனால எழுதுங்க. காலையில கவுண்டர் திறக்கும்போதே போயிடுங்க, மதியத்துக்கு மேல போனா ஃப்ரீசர்ல வச்சுட்டு மறுநாள்தான் எடுப்பாங்க. கவுண்டர்ல ஃபார்ம் நிரப்பும்போது "கால் தனி, சுருள் தனி, பச்சை எடை, காஞ்ச எடை ரெண்டும்"னு நீங்களே கையால எழுதிடுங்க.